நெதர்லாந்தில் பயிற்சிக்குப் போகிறீர்களா? ஜூனியர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

வேளாண் முதுகலைப் படிப்பின் ஒரு பகுதியாக, நெதர்லாந்தின் வெஸ்ட்லாந்து பகுதியில் தக்காளி வளர்க்கும் ஒரு கண்ணாடிக் குடிலில் பத்து மாதம் பயிற்சி பெற்றேன். பயிற்சிக்கு டச்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்தாஷ்’. பயிற்சிக்கு வருபவர் ‘ஸ்தாஷேர்’. வெஸ்ட்லாந்துக்குக் ‘கண்ணாடி நகரம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஹேக் நகரத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிக் கூரைதான். குளிர்காலத்தில் உள்ளே எரியும் விளக்குகளால் ராத்திரி வானமே ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும்.

ஊர் திரும்பியதிலிருந்து ஜூனியர்கள் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போய் இறங்கியதும் முதலில் என்ன வேலை?

மூன்று மாதத்துக்கு மேல் தங்கப்போகும் இந்தியருக்கு நுழைவு விசாவும், தங்கும் அனுமதி அட்டையும் வேண்டும். விண்ணப்பிப்பது உங்களை அழைக்கும் நிறுவனத்தின் வேலை. அவர்கள் கேட்கும் காகிதங்களை நேரத்துக்கு அனுப்புவது மட்டும்தான் உங்கள் வேலை. கல்லூரி, நிறுவனம், நீங்கள் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போடும் பயிற்சி ஒப்பந்தம் ஒன்று வரும். வேலை நேரம், உதவித்தொகை, விடுப்பு, உங்களுக்கு வழிகாட்டி யார் என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் வந்த ஐந்து நாளைக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். நகராட்சிக்கு அங்கே ‘ஹெமேன்டெ’ என்று பெயர். நேரில் போய் வரிசையில் நின்றால் நடக்காது, முன்பதிவு வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நேரம் குறித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக, அப்போஸ்டில் என்ற அரசு முத்திரையை இந்தியாவிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். பதிவு முடிந்தால் பி.எஸ்.என். என்ற ஒன்பது இலக்க எண் கிடைக்கும். வங்கிக் கணக்கிலிருந்து டாக்டர் வரை எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம் மூன்று மாதத்துக்குள் காசநோய்ப் பரிசோதனை. ஒரு மார்பு எக்ஸ்ரே, ஐந்து நிமிட வேலை.

அறை கிடைப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் நான் உங்களைப் பயமுறுத்தும் ஒரே இடம் இதுதான். நாடு முழுக்க வீட்டுப் பற்றாக்குறை. நிறுவனமே அறை ஏற்பாடு செய்து தருமா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால், அவர்களாக நினைத்துப் பார்த்து ஏற்பாடு செய்ய மாட்டார்கள். ‘தேவையென்றால் கேட்டிருப்பாரே’ என்று இருந்துவிடுவார்கள். இது அறைக்கு மட்டும் அல்ல, அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நேரிலோ வீடியோவிலோ அறையைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவி கூரியரில் வரும்’ என்று யாராவது சொன்னால் அது மோசடிதான். முன்பணமாக இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2023 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. ‘இந்த முகவரியில் பதிய முடியாது’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்த அறை வேண்டாம். பதிவு இல்லையென்றால் பி.எஸ்.என். இல்லை, அது இல்லையென்றால் வேறு எதுவும் இல்லை.

மாணவர் வீடுகளில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. அறை காலியானால், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ஒரு மாலை நேரத்தில் பத்துப் பேரை வரவழைத்து, பேசிப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரிதான், கேசரி மட்டும் கிடையாது. நான் மூன்று இடங்களில் தோற்றேன். நான்காவது இடத்தில் ‘வாரம் ஒருநாள் எல்லோருக்கும் சமைப்பேன்’ என்றேன். அறை கிடைத்தது.

மாடிப்படிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் அது படி இல்லை, ஏணி. பெரிய சூட்கேஸோடு ஏறும்போது பின்னால் ஒருவர் நிற்பது நல்லது.

கையில் வரும் பணம் போதுமா?

பயிற்சிக்கு வருபவருக்கு இவ்வளவு தர வேண்டும் என்று சட்டப்படி குறைந்தபட்சத் தொகை எதுவும் இல்லை. எனக்கு மாதம் 600 யூரோ. வாடகை 475 போக மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து அப்பா கொஞ்சம் அனுப்பினார். அதை மறைத்து எழுதினால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

மிச்சம் பிடிக்க வழிகள் உண்டு. கெடு நெருங்கிய பொருள்கள்மேல் 35 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும். குளிர்பான கேன், சின்ன பாட்டில் ஒவ்வொன்றிலும் 15 சென்ட், பெரிய பாட்டிலில் 25 சென்ட் முன்பணம் சேர்ந்திருக்கும். காலியானதும் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

டிக்கி என்று ஓர் ஆப் இருக்கிறது. சேர்ந்து காபி குடித்தால், பணம் கொடுத்தவர் ராத்திரியே உங்களுக்கு 2 யூரோ 80 சென்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்புவார். முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. ஒரு காபிக்கா இப்படி? கொஞ்ச நாளில் அந்த முறை பிடித்துப்போனது. யாருக்கு யார் கடன் என்ற கணக்கை மனதில் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை. ‘இன்னைக்கு நான், அடுத்த தடவை நீ’ என்று சொல்லி நம்மூரில் எனக்கு வர வேண்டிய காபிகள் இன்னும் எத்தனையோ பாக்கி.

சைக்கிள் ஓட்டத் தெரியும். அது போதாதா?

போதாது. எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

பழைய சைக்கிள்கள் பலவற்றில் கைப்பிடியில் பிரேக்கே இருக்காது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். முதல் நாள் சிக்னலில் இல்லாத பிரேக்கை விரல்கள் தேடின. கால் பழக்கதோஷத்தில் பெடலைப் பின்னால் சுற்ற, வண்டி சட்டென்று நின்று, நான் மட்டும் முன்னால் போனேன். பின்னால் வந்த பாட்டி ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாது, என்னைச் சுற்றி லாகவமாக ஓட்டிக்கொண்டு ‘பார்த்து!’ என்கிற தொனியில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

சாலையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக வரைந்திருப்பார்கள். சுறாப்பல் என்று பெயர். அதன் கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு முன்னுரிமை. திரும்பும் முன் கை நீட்ட வேண்டும். டிராம் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடந்து போங்கள், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இல்லையென்றால் அபராதம். 2019 ஜூலையிலிருந்து, ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்தாலும் அபராதம்தான்.

கடையில் ரசீதோடு பழைய சைக்கிள் வாங்குங்கள். தெருவில் ஒருவர் வந்து இருபது யூரோவுக்குத் தருகிறேன் என்றால் அது திருட்டு வண்டி, வாங்குவதும் குற்றம். பூட்டு இரண்டு வேண்டும். சக்கரத்தில் ஒன்று, கம்பத்தோடு சேர்த்துக் கட்டும் சங்கிலி ஒன்று. என் வண்டியைவிடச் சங்கிலி கனம்.

மேடு பள்ளமே இல்லாத நாடு, சுலபம் என்பார்கள். எதிர்க்காற்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள். என் அறையிலிருந்து குடிலுக்கு ஒன்பது கிலோமீட்டர். காற்று பின்னால் அடித்தால் இருபத்தைந்து நிமிடம். எதிரே அடித்தால் ஐம்பது நிமிடம், கூடவே ஒரு குளியல்.

டச்சு மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கடை, வங்கி, ரயில் எல்லா இடத்திலும் ஆங்கிலம் போதும். நீங்கள் கஷ்டப்பட்டு டச்சில் ஒரு வாக்கியம் பேசினால், கேட்டவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவி செய்வதாக நினைப்பு. ‘டச்சிலேயே பேசுங்கள், பழகுகிறேன்’ என்று சொல்லிவிட்டால் சந்தோஷமாகப் பேசுவார்கள். ஆனால் அரசாங்கக் கடிதம் எல்லாம் டச்சில்தான் வரும். வரித்துறையிலிருந்து வருவது நீல உறையில் இருக்கும். அதை மட்டும் பிரிக்காமல் மேசையில் போட்டு வைக்காதீர்கள்.

நேரம் சொல்லும் விதத்தில் நான் மாட்டிக்கொண்டேன். ‘ஹால்ஃப் ஃபீர்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அரை நான்கு’. நான் நாலரை என்று எடுத்துக்கொண்டேன். நான்கை எட்ட அரைமணி பாக்கி, அதாவது மூன்றரை என்று அர்த்தம். நகராட்சியில் வாங்கிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு நாள் கொடுத்தார், அவ்வளவுதான். எண்களும் தலைகீழ். இருபத்து நான்கை ‘நான்கும் இருபதும்’ என்பார்கள். போன் நம்பரை வாயால் சொல்லக் கேட்டு எழுதாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

சும்மா ஒரு சுவாரசியத்துக்கு: பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் பார்த்த காலத்தின் மிச்சம் நம் வாயில் இருக்கிறது. ‘துட்டு’ அவர்களுடைய ‘டெய்ட்’ என்ற செப்புக்காசிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பது அவர்களுடைய ‘கன்டோர்’. கக்கூஸும் அவர்கள் சொல்தான், ‘கக்ஹெய்ஸ்’. இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது சிரித்துப் புரண்டார்கள். இப்போது அங்கே அது கெட்ட வார்த்தைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. யாரிடமும் ‘கக்ஹெய்ஸ் எங்கே’ என்று வழி கேட்டுவிடாதீர்கள்.

வேலை இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மேலாளரை ‘சார்’ என்று கூப்பிடலாமா?

கூப்பிட்டால் சிரிப்பார்கள். முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வாயில் வர இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை பெயரே சொல்லாமல் பக்கத்தில் போய் நின்று ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்றே ஓட்டினேன்.

குடிலில் காலை ஏழு மணிக்கு வேலை. தக்காளிக் கொடிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். வேர் மண்ணில் இருக்காது, பாறையை உருக்கி நூற்ற பஞ்சுக் கட்டியில் இருக்கும். மகரந்தச் சேர்க்கைக்கு அட்டைப்பெட்டிகளில் பம்பிள்பீ வண்டுகள். இலை கிள்ளுவதும் பழம் பறிப்பதும் பெரும்பாலும் போலந்துக்காரர்கள். கட்டியிலிருந்து வடியும் நீரின் உப்பளவையும் அமிலத்தன்மையையும் அளந்து எழுதுவது என் பொறுப்பு.

மூன்றாவது வாரம். சொட்டும் நீரின் உப்பளவு 3 என்றால், வடிநீரில் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும். என் மீட்டர் 2.5 காட்டியது. மீட்டரில் கோளாறு என்று இரண்டாம் நாளே எனக்குப் பட்டது. சொல்லவில்லை. வந்த புதிதில் ‘உங்கள் கருவி சரியில்லை’ என்று எப்படிச் சொல்வது? ஒரு வாரம் அதே எண்களை எழுதிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை வழிகாட்டி தாளைப் பார்த்தார். “இந்த எண்ணை நீ நம்புகிறாயா?” என்றார். இல்லை என்றேன். “எத்தனை நாளாக?” சொன்னேன்.

மீட்டரைச் சரிசெய்யாமல் அளந்தது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை, அது இரண்டு நிமிட வேலை. தெரிந்தும் வாய் திறக்காததைத்தான் அவரால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. “உன்னை எதற்கு இங்கே வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறாய்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். முகம் எரிந்தது. பத்து நிமிடம் கழித்து அதே ஆள் “காபி வேண்டுமா?” என்று வந்து நிற்கிறார், ஒன்றுமே நடக்காதது போல. அவரைப் பொறுத்தவரை நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லை. நான் அந்தச் சனி, ஞாயிறு முழுக்கப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் இன்னொரு விஷயத்தில் அவர் கணக்கில் தப்பு இருந்தது. பயந்துகொண்டே சொன்னேன். பார்த்தார். “ஆமாம், தப்பு. நன்றி” என்றார். முடிந்தது. அவர்கள் பட்டென்று பேசுவதைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள், நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால் அது இருவழிச் சாலை. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு என்பதைப் புதிதாக வருபவர்கள்தான் மறந்துவிடுகிறோம்.

மணி நான்கு ஆனால் கிளம்பிவிடுங்கள். உட்கார்ந்தே இருந்தால் கெட்டிக்காரன் என்று நினைக்க மாட்டார்கள், வேலை முடிக்கத் தெரியவில்லை போல என்று நினைப்பார்கள்.

மதியம் நிஜமாகவே ரொட்டிதானா?

ரொட்டிதான். இரண்டு துண்டு, நடுவில் ஒரு சீவல் பாலாடைக்கட்டி. இல்லையென்றால் வெண்ணெய் தடவி மேலே சாக்லேட் துருவல், ‘ஹாஹெல்ஸ்லாஹ்’. ஐம்பது வயது ஆள், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், அதைத் தினமும் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்து சாப்பிடுவார். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டரைக்கு எழுந்துவிடுவார்கள். சூடான சாப்பாடு ஒருநாளைக்கு ஒருவேளை, சாயங்காலம் ஆறு மணிக்கு.

கூடவே ‘கார்னெமெல்க்’ குடிப்பார்கள். மோர்தான்! கெட்டியாக, உப்பில்லாமல் இருக்கும். நான் அதில் தண்ணீர் விட்டு, உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய் தட்டிப்போட்டு ஒருநாள் கொண்டுபோனேன். ஒருவர் முழு டம்ளரும் குடித்தார். மற்றவர்கள் ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்றார்கள். அப்படிச் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பட்டென்று பேசுபவர்களுக்கும் சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

சைவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை கூடிக் குடிக்கும்போது வரும் ‘பிட்டர்பாலன்’ உருண்டைகள் மட்டும் வழக்கமாக மாட்டிறைச்சி. கேட்டுவிட்டு எடுங்கள்.

நம்ம ஊர் சாமான் கிடைக்குமா? சமைத்தால் பிரச்சினை வருமா?

ஹேக் நகரத்தில் இருந்தால் கவலையே இல்லை. ‘ஹாக்ஸெ மார்க்ட்’ என்ற திறந்தவெளிச் சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனியில் நடக்கும். வெண்டைக்காய், பாகற்காய், முழ நீளக் காராமணி, மாங்காய், கொத்துமல்லி எல்லாம் குவிந்து கிடக்கும். பாகற்காய்க்கு அங்கே ‘சோப்ரோபோ’ என்று பெயர். கடை மூடும் நேரத்துக்குப் போனால் ஒரு தட்டு ஒரு யூரோவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

இந்தக் காய்களெல்லாம் அங்கே வரக் காரணம் சுரினாம் இந்துஸ்தானிகள். தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமின் கரும்புத் தோட்டங்களுக்கு 1873 முதல் 1916 வரை சுமார் 34,000 பேரைக் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றினார்கள். 1975இல் சுரினாம் விடுதலை பெற்றதை ஒட்டி, அந்த வழிவந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் கிளம்பி நெதர்லாந்துக்கு வந்ததாகச் சந்தையில் ஒரு பெரியவர் சொன்னார். ஹேக் நகரில்தான் அவர்கள் அதிகம். என் முகத்தைப் பார்த்ததும் கடைக்கார அம்மாள் போஜ்புரி கலந்த இந்தியில் ஆரம்பித்துவிடுவார். எனக்கோ இந்தி வராது. அவர் டச்சிலும் நான் ஆங்கிலத்திலும் உளுந்து பேரம் பேசுவோம். இட்லி மாவு புளிக்க, கொதிகலன் இருக்கும் அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை பொங்கியிருக்கும்.

சமையல் வாடையைவிடப் பெரிய விஷயம் புகை எச்சரிக்கைக் கருவி. 2022 ஜூலையிலிருந்து எல்லா வீட்டிலும் ஒவ்வொரு தளத்திலும் அது கட்டாயம். அதற்குத் தாளிப்பு என்றால் என்னவென்று தெரியாது. காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த நொடி கத்த ஆரம்பிக்கும். வீட்டிலிருந்த ஐந்து பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். அப்புறம் வீட்டுக் குழுவில் ஒரு செய்தி வந்தது: ‘ஜன்னலைத் திற, சமையலறைக் கதவைச் சாத்து, பிறகு மிளகாய்.’ சமைக்காதே என்று யாரும் சொல்லவில்லை, வரிசையைத்தான் சொன்னார்கள். அந்த வரிசையை இன்றைக்கும் சென்னையில் பின்பற்றுகிறேன்.

பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன எதிர்பார்க்கலாம்?

வட்டம். நிஜமான வட்டம். உடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் வீட்டுக்குப் போனேன். சோபா, சமையலறை நாற்காலி, தோட்டத்து ஸ்டூல் எல்லாவற்றையும் கூடத்தில் வட்டமாகப் போட்டு, பதினைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் நுழைந்து, ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, ‘ஹெஃபெலிசிடேர்ட்’ என்று வாழ்த்த வேண்டும். பிறந்தநாள்காரருக்கு மட்டும் இல்லை. அவர் அம்மாவிடம் ‘உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்’, அண்ணனிடம் ‘உங்கள் தங்கைக்காக வாழ்த்துகள்’, பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘உங்கள் அண்டை வீட்டாருக்காக வாழ்த்துகள்’. பதினைந்தாவது ஆளை எட்டும்போது என் தொண்டையில் அந்த ‘ஹ’ சத்தம் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் காபி. ஒரு துண்டு கேக். அழைப்பில் ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்று போட்டிருந்தால் ஐந்துக்குக் கிளம்பிவிட வேண்டும். ‘இருந்து சாப்பிட்டுட்டுப் போ’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது வயிற்றில்தான் புரிந்தது. ராத்திரி சாப்பாடு இருக்கும் என்று மதியம் சாப்பிடாமல் போயிருந்தேன்.

கழிவறையில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். அதில் கிழமையே இருக்காது, தேதி மட்டும். குடும்பம், நட்பு எல்லோருடைய பிறந்தநாளும் எழுதி, வருஷா வருஷம் அதையே திருப்புவார்கள். கிளம்பும் முன் அந்த அக்கா என் தேதியைக் கேட்டு அதில் எழுதினார். கேக்கைவிட அது இனித்தது.

உங்கள் பிறந்தநாள் வந்தால் வேலையிடத்துக்குத் தின்பண்டம் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான். நான் நாற்பது மசால் வடை கொண்டுபோனேன். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பொரித்தேன்.

உடம்பு சரியில்லையென்றால்?

நேராக மருத்துவமனைக்கு ஓட முடியாது. முதலில் குடும்ப டாக்டர், ‘ஹெய்ஸார்ட்ஸ்’. உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டுப் பக்கத்தில் ஒருவரிடம் பதிந்து வையுங்கள். போன் செய்தால் உதவியாளர் பத்துக் கேள்வி கேட்பார், அப்புறம்தான் பத்து நிமிட நேரம் ஒதுக்குவார். சளிக்கும் காய்ச்சலுக்கும் ‘பாராசிட்டமால் போடு, மூன்று நாள் பார்’ என்று சொல்லி அனுப்புவார்கள். ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கேட்டு வாங்கிப் பழகிய நமக்கு ஏமாற்றப்பட்டது போல இருக்கும். நான்காவது நாள் எனக்குத் தானாகவே சரியானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிஜமாகவே முடியவில்லையென்றால் அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பரவாயில்லை டாக்டர்’ என்று மரியாதைக்குச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்வார்.

ராத்திரியிலும் வாரக்கடைசியிலும் ‘ஹெய்ஸார்ட்ஸன்போஸ்ட்’ என்ற தனி மையம் உண்டு, முதலில் போன் செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. காப்பீடு எந்த வகை என்பதை நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர் டச்சுக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்; உதவித்தொகை மட்டும் வாங்கும் பயிற்சி மாணவர்களில் பலர் தனிக் காப்பீட்டில் இருப்பார்கள்.

ரயிலில் டிக்கெட் எப்படி?

வங்கி அட்டையையே நுழைவிடத்தில் தட்டலாம். இறங்கியதும் மறக்காமல் இன்னொரு தடவை தட்டுங்கள். மறந்தால் 20 யூரோ போச்சு. காலை ஆறரை முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஆறரை என்ற நெரிசல் நேரத்தைத் தவிர்த்தால், மாதச் சந்தா ஒன்றில் 40 சதவீதம் குறையும்.

ஊர் முழுக்கச் சைரன் அலறுகிறது. போரா?

மாதத்தின் முதல் திங்கள், மதியம் 12 மணி. சோதனைதான். டீயைக் குடியுங்கள்.

குளிர் தாங்குமா?

குளிரைத் தாங்கிவிடலாம், இருட்டுதான் படுத்தும். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடியும், நாலரைக்குப் பொழுது சாய்ந்துவிடும். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. எனக்குக் குடிலுக்குள் தக்காளிக்காகப் போட்ட வெளிச்சம் ஓசியில் கிடைத்தது. ஜூனில் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள், ராத்திரி பத்து மணிக்கும் வெயில் இருக்கும். குடை வாங்காதீர்கள், காற்று அதை ஒடித்துவிடும். மழைக்கால்சட்டை ஒன்று வாங்குங்கள். கிளம்பும் முன் மழை ரேடார் ஆப்பைப் பார்ப்பது நம் ஊரில் ராகுகாலம் பார்ப்பது மாதிரி, எல்லோரும் பார்ப்பார்கள்.

நிறம் பார்க்கிறார்களா? தனிமையாக இருக்குமா?

இரண்டுக்கும் ஆமாம், கொஞ்சம். குடிலில் யாரும் வித்தியாசமாக நடத்தவில்லை. அறை தேடும்போது மட்டும், என் பெயரைப் போட்டு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வருவது குறைவாக இருந்தது. ஏன் என்று நான் நிரூபிக்க முடியாது. டிசம்பர் 5ஆம் தேதி, குழந்தைகளுக்குப் பரிசு தரும் சின்டர்கிளாஸ் தாத்தாவின் பண்டிகைக்கு, அவருடைய பணியாளராக முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு வரும் வழக்கம் முன்பு இருந்தது. பெரிய சண்டைக்குப் பிறகு இப்போது பல ஊர்களில் கன்னத்தில் கரித் தீற்றலோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு பழைய கடை ஜன்னலில் அந்தக் கறுப்புப் பொம்மையைப் பார்த்துவிட்டு நான் சும்மா நடந்து போய்விட்டேன். அன்று அதைப் பேசத் தெம்பில்லை.

நட்பு தானாக வராது. ‘சாயங்காலம் வீட்டுப் பக்கம் வரேன்’ என்று போய் நிற்க முடியாது. டைரியை எடுத்து, இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமையைக் குறிப்பார்கள். ஆனால் குறித்தால் கண்டிப்பாக இருப்பார்கள். எனக்குக் கைகொடுத்தது கிரிக்கெட். ஹேக் நகரில் 1878இல் தொடங்கிய கிளப்பே இருக்கிறது. அந்த நாட்டு அணி 2022, 2023 உலகக் கோப்பைகளில் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்த கதை என்னுடன் வேலை பார்த்த ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை, நான்தான் சொன்னேன். ஆட்டம் முடிந்து உட்கார்ந்து பேசுவதை ‘மூன்றாம் பாதி’ என்பார்கள். நண்பர்கள் கிடைத்தது அந்தப் பாதியில்தான். கோயில் வேண்டுமென்றால் வடகோடியில் டென் ஹெல்டரில் ஈழத்தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. ரயிலில் போய் இறங்கி, காதில் தமிழ் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கியது.

ஊரிலிருந்து என்ன எடுத்துவர வேண்டும்?

நெய், பால்கோவா வேண்டாம். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை, பிடித்தால் குப்பைத்தொட்டிதான். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அது எலுமிச்சைக் குடும்பம், நோய் தொற்றிவரும் என்று பயம். வேளாண் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொடியாக இடித்துக் கொண்டுவாருங்கள். குக்கர் எடுத்துவந்தால் இண்டக்‌ஷனில் வேலை செய்யும் அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள், அலுமினியக் குக்கரைத் தூக்கிவந்து அலங்காரத்துக்கு வைத்த அனுபவம் எனக்கு உண்டு. நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் இரண்டு வேண்டும்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் மக். கக்கூஸ் என்ற சொல்லைக் கொடுத்தார்களே தவிர, உள்ளே தண்ணீர்க் குழாய் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.